சுவரில் இல்லாத வருடங்கள்

கார் விற்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, நல்ல செய்தியோடு தொடங்குகிறேன். ஜெர்மன் காரை நீங்கள் விற்கவே தேவையில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே ஆள் அதை மனத்துக்குள் வாங்கி முடித்திருப்பார். எந்த நிறம், எந்த மாடல் என்பது மட்டும்தான் மிச்சம். மெல்பேர்னின் தென்கிழக்குப் பக்கத்தில் ஒரு ஷோரூமில் கால் கடுக்க நின்றவன் சொல்கிறேன், நாங்கள் செய்வது கலியாண வீட்டில் பந்தி விசாரிக்கிற வேலை. சமைத்தது வேறு யாரோ, எப்போதோ.

சமைத்தது என்று நான் சொல்வது அந்தக் கம்பனியின் பெயரை. பெயரைப் பற்றிச் சனம் சொன்னதையெல்லாம் நான் காது குளிரக் கேட்டு வைத்திருக்கிறேன். என் படிப்பே அதுதான். கிளென் வேவர்லியிலிருந்து வந்த ஓர் அன்ரி சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னா: "வீடு பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்துக்காக வாங்கினது தம்பி. கார் சனத்தின்ர கண்ணுக்காக வாங்கிறது." மதுரைப் பக்கத்து டாக்டர் ஒருவர், "நிக்கும்போதே ஓடுற மாதிரி இருக்கணும் சார். ஓடுறப்போ என்ன, எல்லாக் காரும்தான் ஓடுது" என்றார். எனக்கு மிகவும் பிடித்தது, காரைத் திருத்தக் கொண்டுவந்த ஒரு பருத்தித்துறைக்காரர் சொன்னது: "உது பழுதாகாது எண்டில்லை. பழுதானாலும் மரியாதையாப் பழுதாகும்."

இப்படிப்பட்ட பெயரைக் கையில் வைத்திருப்பவனுக்கு என்ன கஷ்டம் வரப்போகிறது என்று நினைப்பீர்கள். எனக்கு வந்த பெரிய கஷ்டமே அந்தப் பெயரால்தான் வந்தது. அதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

எங்கள் ஷோரூமின் நீளச் சுவரில் கம்பனியின் சரித்திரம் படம் படமாக மாட்டியிருந்தது. முதலில் ஒரு மீசைக்காரர் கொட்டகைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். அடுத்தது, குதிரையை அவிழ்த்துவிட்ட வண்டி போல ஒரு கார். பிறகு மூக்கு நீண்ட பந்தயக் கார், அதில் தொப்பி போட்ட ஓட்டுநர் சிரிப்பார். அதற்கு அடுத்த படத்தில் உலக யுத்தம் முடிந்து, ஒரு குடும்பம் காரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் புல்வெளியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பந்தயக் காருக்கும் புல்வெளிக்கும் நடுவே வெறும் சுவர். வெறும் சுவர் பார்க்க அழகில்லை என்று யாரோ அங்கே ஒரு பெரிய பூச்சாடியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அகன்ற இலைச் செடி. ஆளுக்கொரு நாள் அந்த இலைகளைத் துடைப்போம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாய் திறந்தால் ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே என்று நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசித்தேன். பூச்சாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. யுத்த காலத்தில் அந்தத் தொழிற்சாலை ராணுவத்துக்கு வேலை செய்திருக்கிறது. பிடித்துக்கொண்டு வந்த மனிதர்களை முகாமில் அடைத்து வேலை வாங்கியிருக்கிறது. அந்த நாட்டின் அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள் பலவற்றுக்கும் இந்தக் கதை உண்டு. ஆனால் வாடிக்கையாளரைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போகும்போது நானும் எல்லாரையும் போல பந்தயக் காரிலிருந்து புல்வெளிக்கு ஒரே பாய்ச்சலில் போய்விடுவேன். யாரும் நடுவில் நின்று எதுவும் கேட்டதில்லை.

ஒருநாள் ரூத் என்று ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூட ஆசிரியை. கையில் அளவு நாடா. நிறம் கேட்கவில்லை, விலை கேட்கவில்லை. உயரமான குடும்பக் கார் ஒன்றின் முன் கதவைத் திறந்து, இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குனிந்து அளந்தாள். அளந்துவிட்டு அப்படியே தரையில் குந்திக்கொண்டாள்.

"நாதன், இதுதான்" என்றாள், என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து. "ஊரெல்லாம் அளந்திட்டன். ஒண்டில் ஏணி வேணும், ஒண்டில் பள்ளத்துக்குள்ளை இறங்கவேணும். இது மட்டும்தான் கதிரையிலை இருக்கிற மாதிரி."

பேசியது ஆங்கிலம்தான். என் காதில் தங்கியிருப்பது என் ஊர்த் தமிழில். அப்படியே சொல்கிறேன்.

அவளுடைய தகப்பனுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தொடர்ந்து போகவேண்டும். "என்ர கார் உயரமில்லை, நிலத்தோடை பதிவு. ஏறேக்கை கத்துறார். அந்த நோவுக்குப் பயந்து, இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன் எண்டுறார். ஆஸ்பத்திரிக்காரர் சொல்லீனம், ஒழுங்கா வராட்டி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலை வயது போனவையை வைச்சுப் பாக்கிற ஒரு நேர்சிங் ஹோமிலை விடட்டாம். அப்பாவுக்கு அந்த வீட்டை விட்டா உயிர் இல்லை, நாதன்."

"கூட்டிக்கொண்டு வாங்கோ, இருந்து பாக்கட்டும்" என்றேன்.

"அதிலைதான் ஒரு சின்ன உதவி." குரலைத் தணித்தாள். "அப்பா சின்னனிலை, ஜெர்மன்காரருக்குத் தப்பி, போலந்திலை இருந்து வந்தவர். எங்கட வீட்டிலை ஒரு ஜெர்மன் பென்சில்கூட இல்லை. கண் இப்ப மங்கல், காரிலை இருக்கிற பேர்ப் பட்டை அவருக்குத் தெரியாது. எங்கை செய்தது எண்டு கேட்டா தென்னாபிரிக்கா எண்டு சொல்லுங்கோ. அங்கைதானே பாகங்களைச் சேர்த்துப் பூட்டினது?"

உண்மையில் அந்த மாடல் தென்னாபிரிக்காவிலிருந்துதான் கப்பலில் வந்தது. கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன். விற்பனைக்காரனின் தலை ஆடுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை.

எங்கள் மேனேஜர் செந்தில், கோயம்புத்தூர்ப் பையன். என்னைவிட வயதில் நன்றாக இளையவன், கணக்கில் புலி. விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குப் பரம சந்தோஷம்.

"இதுல பொய்யே இல்லீங்களேண்ணா. தென்னாப்பிரிக்கான்னா தென்னாப்பிரிக்காதான்."

"அவர் கேக்கப்போறது அதையில்லை தம்பி."

"கேக்காத கேள்விக்கு நீங்க எதுக்கு பதில் சொல்றீங்க? மாசக் கடைசி வேற. உங்க வாய் சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். சனிக்கிழமை ஒரு நாளைக்கு வாயில ஒரு பபிள்கம்மைப் போட்டு மென்னுட்டு நில்லுங்க, போதும்."

சனிக்கிழமை வந்தார்கள். தகப்பன் பெயர் லியோன். எண்பது வயதுக்கு நல்ல உயரம், விடுமுறை நாளிலும் டை கட்டியிருந்தார். நகரத்துக்குள் ஃபிளிண்டர்ஸ் லேனில் கோட் தைத்த தையல்காரர் என்று ரூத் சொல்லியிருந்தாள். அவள் அவரைக் காரின் முன்பக்கம் காட்டாமல் பின்னால் சுற்றிக் கூட்டிவந்தாள். நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் கைத்தடியை மகளிடம் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நோவை எதிர்பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நோவு வரவில்லை. ஒரு காலை உள்ளே வைத்தார். மற்றக் காலை வைத்தார். கடித்திருந்த பற்கள் மெல்ல மெல்ல விட்டன. ரூத் அங்காலே திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

லியோன் இருக்கைத் தோலின் தையலை விரலால் தடவிக்கொண்டு போனார். "இதைத் தைச்சவைக்கு அவசரமில்லை" என்றார். பிறகு சாதாரணமாக, தேத்தண்ணிக்குச் சீனி கேட்கிற மாதிரி, "எங்கை செய்யிறது?" என்றார்.

ரூத் என்னைப் பார்த்தாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து செந்தில் என்னைப் பார்த்து, வாயை அசைத்து, பபிள்கம் மெல்லுகிற மாதிரிக் காட்டினான்.

எனக்கு அந்த நேரத்தில் வந்தது பிஸ்கட் ஞாபகம். சிரிக்காதீர்கள். இலங்கை அரசாங்கத்துக்கு நாங்கள் கொடுக்கிற காசு போகக்கூடாது என்று அங்கே யுத்தம் முடிந்த பிறகு என் மனைவி வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தாள். அங்கத்தைய பிஸ்கட் வாசல் தாண்டி வரக்கூடாது. ஒருமுறை கடையில் அவள் ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்க, கடைக்காரர், "அக்கா, உது சிங்கப்பூரிலை இருந்து வாறது" என்றார். வாங்கினாள். எல்லோரும் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்ட பிறகுதான் மகள் பெட்டியின் அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்தாள்: இலங்கையில் செய்தது. சிங்கப்பூரில் இறக்கி ஏற்றியது உண்மை. மனைவிக்குப் பிஸ்கட்டில் கோபமில்லை. மிச்சத்தையும் சாப்பிட்டாள். அந்தக் கடைக்கு மட்டும் பிறகு போகவேயில்லை. "என்ன வாங்கிறதெண்டு நான் முடிவெடுக்கிறது. எனக்காக முடிவெடுக்க அவன் ஆர்?" என்றாள்.

"பூட்டினது தென்னாபிரிக்காவிலை" என்றேன் லியோனிடம். "கம்பனி ஜெர்மன் கம்பனி, ஐயா. நீங்கள் குடுக்கிற காசு அங்கைதான் போகும்."

செந்திலின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. ரூத் "நாதன்" என்றாள், அவ்வளவுதான். லியோன் கதவைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலை வெளியே வைத்தார். மற்றக் காலை வைத்தார். கைத்தடியை வாங்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். வாசலுக்குப் போகிற வழி அந்தச் சுவரோரம்தான்.

மீசைக்காரரைக் கடந்தார். பந்தயக் காருக்குக் கிட்டப் போய், மூக்கு முட்ட நின்று பார்த்தார். புல்வெளிப் படத்தையும் அப்படியே பார்த்தார். பிறகு திரும்பி வந்து பூச்சாடிக்கு முன்னால் நின்றார்.

"இங்கை ஒண்டும் நடக்கேல்லையோ?"

"நடந்தது" என்றேன். "ஆக்களைப் பிடிச்சு முகாமிலை வைச்சு வேலை வாங்கினவை. கனபேர் செத்தவை."

"இதை எல்லாருக்கும் சொல்லுவீரோ?"

"ஒருத்தரும் கேக்கேல்லை, ஐயா."

"பூச்சாடியை வைச்சா எப்பிடிக் கேப்பினம்?"

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. கம்பனி பிறகு ஒத்துக்கொண்டது, நட்டஈடு கொடுத்தது, இப்போது இருப்பவர்கள் வேறு தலைமுறை, அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று வாய் அதுபாட்டுக்குப் போனது. எல்லாம் வாசித்த விஷயம்தான். லியோன் கைத்தடியைத் தரையில் ஒருமுறை தட்டினார்.

"நீர் கார் விக்கிறவரோ, அவங்கட வக்கீலோ?"

"கார்."

"அப்ப காரைப் பற்றி மட்டும் கதையும்."

பிள்ளைகளே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பெரிய பெயர் ஒன்றின் கீழ் நின்று வேலை செய்யும்போது அந்தப் பெயர் எங்களுடையது என்று ஒரு மயக்கம் வந்துவிடும். அதைப் புகழ்ந்தால் எங்களைப் புகழ்ந்த மாதிரி, அதை ஒருவர் குத்தினால் எங்களுக்கு வலிக்கிற மாதிரி. அந்தப் பெயரின் நல்லதும் கெட்டதும் அதைச் செய்தவர்களுக்குரியது. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு அதைக் கழுவித் துடைக்கப் போகாதீர்கள். எதிரில் நிற்பவருக்கு யோசிக்க இடம் விடுங்கள். என்னைப் போல வாய்க்காரருக்கு இது கார் விற்பதைவிடக் கஷ்டம்.

நான் வாயை மூடியதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம். இலங்கை."

"அங்கையும் சண்டை நடந்ததெல்லோ. அங்கத்தைய சாமான் வாங்குவீரோ?"

"மனிசி பிஸ்கட்டை வீட்டுக்குள்ளை விடமாட்டா."

"நீர்?"

"அங்கத்தைய இஞ்சிச் சோடா மட்டும் குடிப்பன். காருக்குள்ளை இருந்து."

"அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது எண்டு நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே போய், மகளின் பதிந்த காரில் ஏறினார். ஏறும்போது அவரிடமிருந்து வந்த முனகல் ஷோரூமுக்குள் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ரூத் கதவைச் சாத்திவிட்டு என் கிட்ட வந்தாள்.

"உங்களிட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டன்" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.

செந்தில் வெளியே வந்தான். "நான் திட்ட மாட்டேண்ணா. ஆனா கொஞ்ச நேரத்துக்கு என் கண்ணுல படாதீங்க."

சரியானதைச் செய்தால் மனத்துக்கு நிம்மதி வரும் என்று சொல்கிறவர்கள் வாடிக்கையாளரின் முகத்தை நேரில் பார்க்காதவர்கள். எனக்கு நிம்மதி வரவில்லை. அந்த முனகல்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு கிழவரை வீட்டிலிருந்து கிளப்பி நேர்சிங் ஹோமுக்கு அனுப்பிவிட்டேனோ என்று யோசித்தேன். மற்ற ஷோரூம்களில் இருக்கிற சிநேகிதர்களுக்கு ரெலிபோன் எடுத்து, இந்த உயரத்தில் இருக்கை உள்ள கார் ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். ஜப்பான்காரனிடம் ஒன்று, கொரியாக்காரனிடம் ஒன்று, கிட்டத்தட்டச் சரிவரும் போல இருந்தது. ரூத்தின் போனில் விவரத்தைச் சொல்லி வைத்தேன். அவள் எடுக்கவில்லை. அந்த நாட்களில் செந்தில் என்னோடு வானிலையைப் பற்றி மட்டும் பேசினான். மெல்பேர்னில் அதற்கு ஒருபோதும் பஞ்சமில்லை.

பிறகு ஒருநாள் அவளே ரெலிபோனில் கூப்பிட்டாள். "நீங்கள் சொன்ன ரெண்டுக்கும் கூட்டிக்கொண்டு போனன். ரெண்டிலும் கத்தினார். இப்ப திரும்ப உங்களிட்டை வரவேணுமாம். ஏன் எண்டு எனக்குச் சொல்லுறாரில்லை."

வந்தார்கள். இந்த முறை லியோன் தானே காரின் முன்பக்கத்துக்குப் போய், குனிந்து, அந்தப் பேர்ப் பட்டையைக் கிட்டத்தில் பார்த்தார். செந்திலுக்கு மனத்தில் ஒரு யோசனை தயாராக இருந்தது. ஆங்கிலத்தில் மிக மரியாதையாகச் சொன்னான். எனக்கு அது அவனுடைய தமிழில்தான் கேட்டது: "சார், பேட்ஜைக் கழட்டிடலாம். முன்னாடி, பின்னாடி, ஸ்டியரிங்ல, எங்கயும் இருக்காது. வழவழன்னு ஆயிடும். என்ன கார்னு யாருக்குமே தெரியாது. நாங்களே பண்ணித் தர்றோம்."

அந்தப் பட்டைக்காகவே கடன்பட்டு வருகிற சனத்தை வருடக் கணக்காகப் பார்த்தவன் நான். அதைச் சும்மா கழற்றித் தருகிறேன் என்று சொன்ன மேனேஜரை முதல்முறையாகப் பார்த்தேன். அவன் மீது எனக்கு ஒரு வாரமாக இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

"வேண்டாம்" என்றார் லியோன். "கழட்டினா ஆருக்கு வசதி? எனக்கோ, அவங்களுக்கோ?"

செந்தில் பட்டையைக் காட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினான்.

"என்ர பெரியப்பா அப்பிடி ஒரு தொழிற்சாலையிலை வேலை செய்தவர். இவங்கடையோ, வேறை ஆக்களின்ரையோ, தெரியாது. சம்பளமும் இல்லை, ஆள் திரும்பி வரவுமில்லை. இப்ப இவங்கள் என்னை வாசலிலை வந்து ஏத்தி இறக்கட்டும். பேர் முன்னுக்கு இருக்கட்டும். ஆர் ஏத்திறது எண்டு தெரியவேணும்."

ரூத் அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, உங்களுக்கு விருப்பமில்லாட்டி வேண்டாம்."

"விருப்பமில்லை" என்றார். "ஆனா ஏறப்போறன்."

எனக்கு உடனே ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நல்ல வசனங்கள்கூட வாய்வரை வந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த வருடத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான்.

காரைக் கையளிக்கும் நாளில் எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காரைத் துணியால் மூடி வைப்போம், வாடிக்கையாளர் இழுத்துத் திறப்பார், எல்லோரும் கை தட்டுவோம், படம் எடுப்போம். லியோன் துணியை இழுக்க மாட்டேன் என்றார், படத்துக்கும் நிற்க மாட்டேன் என்றார். "இது கலியாணமில்லை." செந்தில் துணியைத் தானே சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். கை தட்ட வந்திருந்த பெண் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் கதவைத் திறந்தேன். அவர் உட்கார்ந்தார், கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார். கத்தவில்லை. இருக்கையைச் சரிசெய்யும் பொத்தான் எது என்று கேட்டார். காட்டினேன். முன்னால், பின்னால், மேலே என்று கொஞ்ச நேரம் போய்வந்து, கடைசியில் கதவில் முழங்கையை வைக்கிற உயரத்தில் நிறுத்தினார்.

ரூத் வண்டியைக் கிளப்பினாள். "நேரை வீட்டையோ, அப்பா?"

"வீட்டைதான்" என்றார் லியோன். "கடற்கரைப் பக்கத்தாலை சுத்திப் போ."